கங்காவை ஆராய வருகிறவர்களுக்கு

ஜெயகாந்தனைப் பெண்ணிய நோக்கில் ஆராய வரும் இளையவர்களுக்குச் சில சொற்கள்.

1. கோட்பாட்டுக்கு முன் கதை. 'அக்னிப்பிரவேசம்' 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது. அதையொட்டி எழுந்த சர்ச்சைதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலுக்கு வித்து. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

2. சிறுகதையில், வல்லுறவுக்கு ஆளாகி வீடு திரும்பிய மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டுகிறாள். அதையே நெருப்பாக நினைத்துக்கொள், நீ சுத்தமானவள் என்கிறாள். அன்றைக்கு அது பெரிய துணிச்சல். அதைக் குறைத்துப் பேச வேண்டாம். ஆனாலும் கேளுங்கள்: கழுவுவதென்றால் அவள்மேல் அழுக்கு ஒட்டியதாக ஒப்புக்கொண்டதாகாதா? அவளைக் காரில் ஏற்றிச் சென்றவன் போய்விட்டான். குளியல் அவளுக்கு மட்டும். புதுமைப்பித்தனின் 'சாபவிமோசன'த்தில் சீதை தீக்குளித்ததைக் கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். அந்தக் கதையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. நாவலின் நாயகி கங்காவுக்கு வாய்த்தது வேறு தாய். அந்தத் தாயின் கதறலில் விஷயம் வெளியே தெரிந்து, அண்ணன் கங்காவை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். பல ஆண்டுகள் கழித்து, உத்தியோகத்தில் இருக்கும் கங்கா ஒரு பத்திரிகையில் 'அக்னிப்பிரவேசம்' கதையைப் படிக்கிறாள். அது அவள் கதைதான்; முடிவு மட்டும் வேறு. தனக்குக் கிடைக்காத தாயை அதில் பார்க்கிறாள். 'அக்னிப்பிரவேச'த்தின் முதல் பெண்ணிய விமர்சகி கங்காதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நாம் எல்லாரும் அவளுக்குப் பின்னால் வந்தவர்கள்.

4. 'ஆணாதிக்கம்' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடாதீர்கள். தாய்மாமன் வெங்கு மாமா கங்காவைப் படிக்க வைத்தவர். அவளை விடாமல் தொல்லை செய்பவரும் அவரே. செய்த உதவி எப்படி அவள் உடம்பின்மேல் உரிமையாக மாறுகிறது என்று வரிவரியாகக் காட்டுங்கள்.

5. ஆண் எழுத்தை வாசிக்கும் முறைக்கு, பெண்ணிய விமர்சகர் கேட் மில்லட் 1970-இல் நாவலாசிரியர்கள் லாரன்ஸையும் ஹென்றி மில்லரையும் எப்படி வாசித்தார் என்று பாருங்கள். தமிழ் இலக்கியத்தில் பெண்கள் பற்றி அம்பை 1984-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வை அவசியம் படியுங்கள்.

6. இந்த நாவலை ஆண் எழுதியது என்று தள்ளவும் வேண்டாம், 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது என்று பணியவும் வேண்டாம். நாவலின் கடைசியில், அன்று காரில் வந்தவனும் பின்பு நண்பனானவனுமான பிரபு விலகிப் போக, கங்கா குடியில் விழுகிறாள். படிப்பும் பதவியும் சம்பளமும் கொடுத்த ஆசிரியருக்கு, ஆண் துணையில்லாமல் அவள் நன்றாக வாழ்வதைக் கற்பனை செய்ய முடியவில்லை என்பது என் வாசிப்பு. மறுக்கத் தோன்றினால் தாராளமாக மறுங்கள், பக்க எண்ணோடு.