இணையக் கடையில் வாங்கினோர் மதிப்புரை

உறையூர்ச் சேலையைத் தொட்டுப் பார்த்தும், ஸ்ரீரங்கத்து வாழைத்தாரைத் தூக்கிப் பார்த்தும் வாங்குவது வழக்கம். இணையக் கடையில் அதற்கு வழியில்லை; முன்பு வாங்கியவரின் சொல்லே அங்குச் சான்று. ஆகையால் மதிப்புரைப் பக்கத்தையும் சங்கக் கணக்கேட்டைப் போல நேர்மையாக வைத்தல் வேண்டும். இதன் பொருட்டு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்னும் தரநிலையை வெளியிட்டது. அதனைத் தழுவி அங்கத்தினர் மனத்திற் கொள்ளத் தக்கவை வருமாறு:

1. எழுதுபவர் இன்னார் என்பதைக் கைபேசிச் செய்தி முதலியவற்றால் உறுதி செய்க. ரசீது எண்ணைக் கொண்டு, பொருளை வாங்கியவர்தாமா என்றும் பார்க்க.

2. கூலி கொடுத்து எழுதுவித்த புகழுரையைப் பிரசுரிக்கலாகாது.

3. குறையை மறைக்கலாகாது. "முதற் சலவையிலேயே சாயம் போயிற்று" என்று ஒருவர் எழுதினால், அதன் கீழேயே சங்கத்தின் பதிலும் பரிகாரமும் இருத்தல் வேண்டும்.

4. நட்சத்திரக் குறியுடன், மதிப்பிட்டோர் தொகையையும் தேதியையும் காட்டுக. இருவர் அளித்த 5 நட்சத்திரத்தினும் 200 பேர் அளித்த 4 நட்சத்திரம் நம்பத் தக்கது. சென்ற கோடையில் வந்த வாழைத்தாரின் மதிப்புரை இவ்வாண்டு மழைக்காலத் தாருக்குப் பொருந்தாது.

5. பக்கம் தமிழில், பெரிய எழுத்தில், கைபேசியில் எளிதிற் படிக்குமாறு அமைக. வேண்டாத சொந்த விவரங்களைக் கேட்கலாகாது.

பொய்ப் புகழை நம்பி ஒருமுறை ஏமாந்தவர், பின்னர்ச் சங்கத்தின் முத்திரையையே ஐயுறுவார். அப்போது ஒழுங்காக நெய்தவரின் தறியும் நின்றுபோகும்.

பயிற்சி வினா: தம் சேலையைப் பற்றிய குறையுரையை நீக்குமாறு கேட்கும் நெசவாளிக்கு நீங்கள் யாது விடை கூறுவீர்கள்?