பாவித்த கார்: பணம் கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

ஒன்ராறியோவில் தனியாரிடம் பாவித்த காரைக் கொள்வனவு செய்பவர், முதலில் பாவித்த வாகனத் தகவற் கோவையைக் கேட்டுப் பெறல் வேண்டும். அதனை வழங்குவது விற்பவரின் சட்டக் கடமை. விற்பவர் ஊரவராயினும் நண்பராயினும் இக்கோவையைப் பாராமல் பணம் கொடுத்தல் ஆபத்தானது. அதில் 'லீன்' எனப்படும் கடனுரிமை விபரம் இருக்கும். முன்னைய உரிமையாளரின் கடன் தீராதிருப்பின், முழு விலையும் செலுத்தியவரிடமிருந்தே கடன் கொடுத்த நிறுவனம் காரை மீட்டுக்கொள்ளலாம். ஆகவே, கடன் தீர்ந்தமைக்கான எழுத்துமூல உறுதியைப் பெற்ற பின்னரே பணத்தைக் கையளிக்க வேண்டும். கோவையிலுள்ள வாகன அடையாள இலக்கத்தைக் காரிலுள்ளதுடன் ஒப்பிடுதலும் அவசியம்.

இலக்கத்தகடுகள் விற்பவருக்கே உரியன. கழற்றாது விட்டால், 407 நெடுஞ்சாலைக் கட்டணச் சீட்டு அவரது முகவரிக்கே வந்து சேரும்.

வாங்கியவர் ஆறு நாட்களுக்குள் சேர்விஸ் ஒன்ராறியோவில் பதிவை மாற்ற வேண்டும். விற்பனைச் சீட்டில் விலையைக் குறைத்து எழுதுவோர் உளர், அதனாற் பயனில்லை. கொடுத்த விலை, மொத்த விற்பனைப் பெறுமதி ஆகிய இரண்டினுள் கூடியதற்கே 13 வீத வரி அறவிடப்படும். பாதுகாப்புத் தரச் சான்றிதழ் 36 நாட்களுக்கு மட்டுமே செல்லுபடியாகும். பத்திரச் சிக்கலால் அக்காலம் கடந்தால், தகடு பெறுவதற்கு மீண்டும் பரிசோதனை செய்விக்க நேரும்.