பூட்டு வீட்டோடு வரவேண்டுமா?



சென்ற செமஸ்டரில் புராஜெக்ட் வைவாவுக்கு முதல்நாள் மாலை, பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு ஒரு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். கடைக் கணிப்பொறியில் செருகிய மறுநிமிடம், நாற்பது பக்க ரிப்போர்ட் இருந்த இடத்தில் ஒரு கேபி அளவில் ஒரு ஷார்ட்கட் மட்டும் நின்றது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"அண்ணே, உங்க சிஸ்டத்துல ஆன்டிவைரஸ் இல்லையா?"

"ஏன் இல்லாம? டிஃபெண்டர் இருக்குப்பா. விண்டோஸ் கூடவே வந்ததுதான்" என்று திரையில் காட்டினார்.

அவர் சொன்னது பொய்யில்லை. டிஃபெண்டர் இருந்தது. காவல்காரன் வாசலில் இருக்கும்போதே திருடன் எப்படி உள்ளே வந்தான்? அதைத் தேடிப் படித்ததில் கிடைத்தவைதான் இக்கட்டுரை.

ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு ஆன்டிவைரஸைச் சேர்த்துக் கொடுப்பது புதிய யோசனை அல்ல. 1993-இல் வெளிவந்த எம்.எஸ்.டாஸ் 6-லேயே மைக்ரோசாஃப்ட் அதைச் செய்துவிட்டது. சொந்தமாக எழுதவில்லை, சென்ட்ரல் பாயின்ட் என்ற நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்றுச் சேர்த்தார்கள். அதில் வி-சேஃப் என்று ஒரு புரோகிராம். மெமரியிலேயே தங்கியிருந்து, சந்தேகமான வேலை எது நடந்தாலும் தடுக்கும்.

இங்கேதான் மைக்ரோபிராசசர் பாடம் படித்தவர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அந்த வி-சேஃபை மெமரியிலிருந்து இறக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். ஏ.எக்ஸ். ரிஜிஸ்டரில் எஃப்.ஏ.01, டி.எக்ஸ். ரிஜிஸ்டரில் 5945 (இரண்டும் ஹெக்ஸாடெசிமல்) போட்டு, கீபோர்டுக்கான 16-ஆம் இன்டரப்டை அழைத்தால் போதும், காவல்காரன் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவான்! அசெம்பிளியில் மூன்றே வரி. வைரஸ் எழுதியவர்கள் அந்த மூன்று வரியைத் தங்கள் வைரஸின் தலையில் ஒட்டிக்கொண்டார்கள். கடையில் ஆளுக்கொரு ஆன்டிவைரஸ் வாங்கியிருந்தால், திருடன் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படிக்கவேண்டும். ஊருக்கே ஒரே பூட்டு என்றால் ஒரு கள்ளச்சாவி போதும். போதாக்குறைக்கு, புதிய வைரஸ்களின் அடையாளப் பட்டியலை அந்தக் காலத்தில் தனியாகத்தான் தேடிப் பெறவேண்டும். விண்டோஸ் 95 வந்தபோது அந்த ஆன்டிவைரஸ் அதில் இல்லை.

இதைப் படித்ததும் 'கூடவே வருவது எல்லாமே கண்துடைப்பு' என்று முடிவுகட்டத் தோன்றியது. பிறகு பிளாஸ்டர் கதையைப் படித்தேன். எண்ணம் மாறியது.

2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யிலேயே ஒரு ஃபயர்வால் இருந்தது. ஆனால் அணைத்து வைத்தே கொடுத்தார்கள். எத்தனை பேர் தேடிப்போய் ஆன் செய்வார்கள்? ஓட்டையை அடைக்கும் பேட்ச் 2003 ஜூலையில் வெளியானது. ஆகஸ்ட் 11-ஆம் தேதி பிளாஸ்டர் கிளம்பிவிட்டது. யாரும் எதையும் கிளிக் செய்யவேண்டியதில்லை. இன்டர்நெட்டில் இணைந்திருந்தாலே 135-ஆம் போர்ட் வழியாக நுழையும். அறுபது வினாடி கெடு காட்டி, கணிப்பொறி தானே ஷட்டவுன் ஆகும். 'பணம் பண்ணுவதை நிறுத்து, மென்பொருளைச் சரிசெய்' என்று பில் கேட்ஸுக்கு ஒரு செய்தி வேறு அந்த வைரஸுக்குள் எழுதியிருந்தது. அந்த ஃபயர்வால் ஆன் ஆகியிருந்த வீட்டுக் கணிப்பொறிகளை அதனால் தொட முடியவில்லை. 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2, ஃபயர்வாலை ஆன் செய்தே கொடுத்தது. பூட்டு இருப்பது வேறு, பூட்டியிருப்பது வேறு!

சரி, அத்தோடு ஆன்டிவைரஸையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாமே? அங்கே வியாபாரம் குறுக்கே வந்தது. விண்டோஸோடு மீடியா பிளேயரைக் கட்டிக் கொடுத்ததும் காரணமாக, 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49 கோடியே 70 லட்சம் யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. 2006-இல் விஸ்டா வரப்போகிறது என்றதும், சைமன்டெக்கும் மெக்காஃபியும் 'எங்களை உள்ளேயே விடமாட்டேன் என்கிறார்கள்' என்று குரல் எழுப்பின. (டாஸ் ஆன்டிவைரஸைக் கொடுத்த சென்ட்ரல் பாயின்டை 1994-இல் வாங்கியது இதே சைமன்டெக்தான்!) இந்தப் பயத்தில்தான் மைக்ரோசாஃப்ட் தயங்கியது என்பது என் கணிப்பு. விஸ்டாவிலும் விண்டோஸ் 7-லும் டிஃபெண்டர் என்ற பெயரில் வந்தது ஸ்பைவேரை மட்டும் பார்ப்பது. வைரஸைப் பிடிக்க, செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்பதை 2009-லிருந்து இலவசமாகத் தந்தார்கள். ஆனால் நாமே இறக்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். 2012-இல் விண்டோஸ் 8-ல்தான் டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸ் ஆனது.

இப்போது புரிகிறதா? ஜெராக்ஸ் கடையில் ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் 7. டிஃபெண்டரைக் குற்றம் சொல்ல முடியாது, அதன் வேலையே வேறு. அந்தக் கடைக்காரர்தான் பெயரைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட்டார்.

கட்டிக் கொடுப்பதை நான் ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: வேறு பூட்டுப் போட விரும்புகிறவனுக்குக் கதவில் இடம் இருக்கவேண்டும். இப்போதைய டிஃபெண்டர், வேறு ஆன்டிவைரஸ் பதிவானால் தானே ஒதுங்கிக்கொள்கிறது. ஆனாலும், விண்டோஸ் 10-க்கு மாறும்போது தங்கள் மென்பொருளை நீக்கிவிட்டு டிஃபெண்டரை வைக்கிறார்கள் என்று காஸ்பர்ஸ்கி 2016-இல் ரஷ்யாவிலும், 2017-இல் ஐரோப்பாவிலும் புகார் கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் சில மாற்றங்களுக்கு ஒப்புக்கொண்ட பிறகே 2017 ஆகஸ்டில் விவகாரம் முடிந்தது. வெளியாளை உள்ளே விடுவதிலும் ஆபத்து உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரையோடு நின்றுபோனதை மறந்திருக்கமாட்டீர்கள்.

என் ரிப்போர்ட் என்னாயிற்று என்று கேட்கிறீர்களா? மறுநாள் காலை எட்டரை மணிக்கு லேப் வாசலில் நின்றேன். அங்கே விண்டோஸ் 11. பென்டிரைவைப் போட்டதுமே டிஃபெண்டர் ஷார்ட்கட்டுகளை எல்லாம் தூக்கிவிட்டது. உள்ளே பார்த்தால் காலி! எனக்குப் பாதி உயிர் போயிற்று. லேப் அசிஸ்டென்ட் சார், "பதறாதப்பா, டிரைவ்ல இடம் நிறைஞ்சிருக்கு பார். ஃபைல் எங்கயும் போகல, வைரஸ் அதை மறைச்சு வெச்சிருக்கு" என்றார். கறுப்புத் திரையைத் திறந்து, அட்ரிப் என்ற டாஸ் காலத்துக் கட்டளையை அடித்து, ஹிடன், சிஸ்டம் என்ற இரண்டு அடையாளங்களையும் கழற்றினார். ஒவ்வொரு ஃபைலாக எழுந்து வந்தது. வைவா பத்து மணிக்கு. பிரிண்டை லேப்பிலேயே எடுத்துக்கொண்டேன்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறிப் பொறியியல் துறை