மழையில் மலையேறும் பனியன் ஊர்க்காரர்களுக்கு

சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு, நண்பருடன் பையை மாட்டிக்கொண்டு உடுமலை வழியாகத் திருமூர்த்தி மலைக்கோ, ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்கோ கிளம்புகிறீர்களா?

முதலில் துணியைப் பாருங்கள். நம் ஊர் காட்டன் பனியன் வெயிலுக்கு அருமை, மழைக்கு ஆகாது. பருத்தி நூல் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். மலைக்காற்றில் காயாமல் உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். நடக்கும்போது பாலியஸ்டர் டிரை ஃபிட் போடுங்கள். காட்டன் செட் ஒன்றை இரவுத் தூக்கத்துக்கென்றே பாலி கவரில் வைத்து, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை இரண்டு மடிப்பாக மடித்து ரப்பர் பேண்ட் போடுங்கள். பைக்கு மேலுறை மட்டும் போதாது. முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். ஒரு பிடி பனியன் வேஸ்ட்டும் இருக்கட்டும். இரவில் ஈர ஷூவுக்குள் திணித்துவைத்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காதீர்கள். அதன் வாய்க்கு அடியில் நகத்தைக் கொடுத்துத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தத்தை உறையவிடாத பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் கொஞ்ச நேரம் கசியும். கழுவி அழுத்திப் பிடியுங்கள்.

கூட வருபவருக்கு நடுக்கம் எடுத்துப் பேச்சு குழறினால் உடனே நடையை நிறுத்தி, ஈரத்துணியை மாற்றிவிட்டு உதவி தேடுங்கள்.

காட்டுப் பாதையில் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு மலையேற்றத் திட்டம் தொடங்கியிருக்கிறது. இணையத்தில் பதிவு செய்யலாம். திருமூர்த்தி மலையில் உள்ள பஞ்சலிங்க அருவியில் குளிக்கத் தடை என்றால் தயங்காமல் திரும்பிவிடுங்கள். கீழே வெயில் அடிக்கும்போதே மேல்மலை மழை வெள்ளமாக வந்து சேரும்.