அடைப்பு கம்பவுண்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

வில்லிவாக்கத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். கீழ்த்தளத்தில் அவரும் மனைவியும், மேலே இரண்டு தளங்களில் இரண்டு வாடகைக் குடும்பங்கள். மழை வலுத்தால் கீழ்வீட்டுக் குளியலறையில் கழிவுநீர் பொங்கி வருகிறது. புகார் கொடுத்ததும் குடிநீர் வாரிய ஊழியர்கள் வந்து தெரு மூடியைத் திறந்து பார்த்தார்கள். "மெயின் லைன் ஓடுது சார், அடைப்பு உங்க கம்பவுண்டுக்குள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு வந்த பிறகும் மூடாமல் விட்ட பழைய செப்டிக் டேங்க் ஒன்று கொல்லையில் இருக்கிறது, வீட்டுக் கழிவு இன்னமும் அதன் வழியாகத்தான் போகிறது. "ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரேன், உள்ள இறங்கி வாரிடுவாங்க, மூவாயிரம் குடுங்க" என்கிறார் பிளம்பர். மாடிக் குடும்பங்கள் செலவில் பங்கு தர மறுக்கின்றன. ஒழுங்காக வரி கட்டுகிற தன்னிடமே எல்லாரும் கை நீட்டினால் எப்படி என்று கேட்கிறார் வாசகர்.

கடிதத்தில் அவர் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரிதான் இந்தப் பகுதிக்குப் பதில் சொல்லும் வழக்கறிஞரின் கண்ணில் முதலில் பட்டது. மொட்டை மாடியின் மழைநீர்க் குழாயை எப்போதோ ஒரு மேஸ்திரி, வேலை சுருக்கமாக முடியட்டும் என்று, கழிவுநீர் சேம்பரிலேயே சேர்த்துவிட்டாராம்.

பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது. சென்னையில் மழைநீருக்கு ஒரு வழி, கழிவுநீருக்கு வேறு வழி. முன்னது மாநகராட்சியின் பொறுப்பு. பின்னது 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியத்தின் பொறுப்பு. ஆயிரம் சதுர அடி மாடியில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர் தண்ணீர் இறங்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில், மூன்று குடும்பங்கள் ஒரு நாள் முழுக்க விடும் கழிவுநீரைப் போல இது இரண்டு மடங்குக்கும் மேல். அவ்வளவும் ஓரிரு மணி நேரத்தில் சின்னக் குழாய்க்குள் நுழைந்தால், வீட்டிலேயே தாழ்வான வாய் எதுவோ அதன் வழியாகத்தான் வெளியே வரும். கீழ்த்தளக் குளியலறைக்கு அந்த யோகம். மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விடுவது விதிமீறல். கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விடுவதும் அப்படியே. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003லேயே கட்டாயமாகிவிட்டது. ஆகவே அந்த மாடிக் குழாய் போய்ச் சேர வேண்டிய இடம் சேகரிப்புக் குழிதான்.

அப்படியானால் வாரியத்துக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. அது எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்க வக்கீல் வேண்டியதில்லை, ஒரு டார்ச் லைட் போதும். அடுத்த முறை பொங்கும்போது, தெருவுக்குப் போகுமுன் உள்ள கடைசி சேம்பரைத் திறந்து பார்க்க வேண்டும். அது காய்ந்து கிடந்தால் அடைப்பு வீட்டுக்குள். அதுவும் நிறைந்து, தெருவில் உள்ள ஆள்நுழைவுக் குழியும் நிறைந்திருந்தால் குற்றம் தெரு லைனில். கடைசி சேம்பர் நிறைந்து, தெருக் குழியில் தண்ணீர் தாராளமாக ஓடினால் இரண்டுக்கும் நடுவே உள்ள இணைப்புக் குழாய்தான் சந்தேகத்துக்குரியது. தகராறு அதிகம் வருவதும் இந்த மூன்றாவது வகையில்தான். சாலைக்கு அடியில் போகும் அந்தக் குழாயை உரிமையாளர் தன் இஷ்டத்துக்குத் தோண்ட முடியாது. அதனால் செலவு யாருடையது என்ற பேச்சுக்கு முன்பே, வாரியத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. இரண்டு இடங்களையும் ஒரே நேரத்தில் படம் எடுத்து, 1916க்குப் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் பிறகு வாய்ச்சண்டைக்கு வேலை இருக்காது.

வரி விஷயத்தில் வாசகரின் கோபம் புரிகிறது, ஆனால் சட்டம் அவர் பக்கம் இல்லை. குடிநீர், கழிவுநீர் வரியாகச் சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் வசூலாகிறது. வரி என்பது குறிப்பிட்ட ஒரு சேவைக்குக் கொடுக்கும் கூலி அல்ல. தெருக் குழாய், நீரேற்று நிலையம், சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் சேர்ந்த பொது ஏற்பாட்டுக்கு அது போகிறது. கம்பவுண்டுக்குள் இருக்கும் குழாயும் சேம்பரும் வீட்டுக் கூரையைப் போலச் சொந்தச் சொத்து. ஒழுகினாலும் அடைத்தாலும் உடையவர்தான் பார்க்க வேண்டும்.

தெரு லைனில்தான் கோளாறு என்று தெரிந்தும் யாரும் அசையவில்லை என்றால் வழிகள் உண்டு. அந்த லைன் கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி நிர்வாக நடுவரிடம் மனுக் கொடுக்கப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133ஆம் பிரிவு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரவாசிகள் இந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டுதான் திறந்த சாக்கடை நாற்றத்துக்கு எதிராக வழக்காடினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கையில் காசில்லை என்று நகராட்சி சொன்ன சமாதானத்தை நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு 1980இல் ஏற்கவில்லை. பொதுச் சுகாதாரம் பேணும் கடமைக்குப் பணப் பற்றாக்குறை சாக்காகாது என்பது இன்றும் கைகொடுக்கும் தீர்ப்பு.

பிளம்பர் சொன்ன மூவாயிரம் ரூபாய் யோசனைக்கு வருவோம். வாசகர் இதை இரண்டே வரியில் எழுதிக் கடந்துவிட்டார். வழக்கறிஞரை அதிகம் கவலைப்பட வைத்தது அந்த இரண்டு வரிதான்.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, கழிவுநீர்க் குழாயையோ செப்டிக் டேங்கையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய நேரடியாகவோ மறைமுகமாகவோ எவரையும் பணியமர்த்தக் கூடாது என்கிறது. 'மறைமுகமாக' என்ற சொல்லை வாசகர் இன்னொரு முறை படிக்க வேண்டும். "நான் பிளம்பரிடம்தான் பேசினேன், இறங்கியவர்களை எனக்குத் தெரியாது" என்ற வாதத்துக்கு அந்தச் சொல் கதவைச் சாத்திவிடுகிறது. முதல் முறை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு, ஐந்து லட்சம். ஜாமீனில் விட முடியாத குற்றம். உயிர் போனால் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றமும் சேரும்.

உயிர் போவது அபூர்வம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மூடிக் கிடந்த தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கியிருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வருமே என்பார்கள். அளவு கூடினால் அந்த வாயு மோப்ப சக்தியையே மழுக்கிவிடும், நாற்றம் தெரியாது. முதலில் இறங்கியவர் சாய்ந்ததைப் பார்த்துத் தூக்கிவிட இறங்குகிற இரண்டாமவரும் சாய்கிறார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் இறந்ததாகச் செய்தி வருவது இதனால்தான். இத்தகைய மரணங்களுக்கு 2014இல் பத்து லட்சம் என்று வகுத்த இழப்பீட்டை, 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் முப்பது லட்சமாக உயர்த்தியது.

அதனால் ஆளை இறக்கும் பேச்சே வேண்டாம். உறிஞ்சும் லாரிக்கு 14420 என்ற உதவி எண் இருக்கிறது. தனியார் லாரி என்றால் உரிமம் உள்ளதா, கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திறக்க விட வேண்டும். தொட்டி காலியானதும் அதை நிரப்பி மூடிவிட்டு, கழிவு நேராகத் தெரு இணைப்புக்குப் போகும்படி குழாயை மாற்றிப் போடலாம். பாதாளச் சாக்கடை வந்த நாளிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது.

மாடிக் குடும்பங்களின் பங்கு பற்றிய பதில் இரு தரப்புக்கும் கொஞ்சம் கசக்கும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரைக்கும், பராமரிப்பைப் பட்டியல் போட்டுப் பிரித்திருக்கிறது. குழாய் மாற்றுவதும் கட்டட அமைப்பைச் சரிசெய்வதும் வீட்டுக்காரர் தலையில். சாக்கடை அடைப்பு எடுப்பது, கழிப்பறைப் பழுது, குழாய் வாஷர் மாற்றுவது எல்லாம் குடியிருப்பவர் தலையில். எனவே மாடிச் சமையலறையின் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் கட்டியாகி அடைத்திருந்தால் சுத்தம் செய்த கூலியில் பங்கு கேட்கலாம். மேஸ்திரி தப்பாகச் சேர்த்த மழைநீர்க் குழாயைப் பிரிப்பதும், தொட்டியை மூடிப் புதுக் குழாய் போடுவதும் முழுக்க வாசகரின் செலவு. அதை அவர் செய்ய மறுத்தால் குடியிருப்பவர்களே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ள அதே சட்டம் இடம் தருகிறது. பங்கு தராத கோபத்தில் மாடிக்குத் தண்ணீரை நிறுத்திவிடலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறார். கூடாது. அத்தியாவசிய வசதியைத் துண்டித்தால் மறுநாளே அவர்கள் வாடகை அதிகாரியிடம் போய் நிற்கலாம்.