ஏர் சஸ்பென்ஷன்: சென்சாரா, காற்றுக் கசிவா?

ஏர் சஸ்பென்ஷன் உள்ள காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஒரு மூலை மட்டும் தாழ்ந்தோ உயர்ந்தோ நின்றால், விலை உயர்ந்த காற்றுப் பையை மாற்ற உடனே சம்மதிக்காதீர்கள். இரவில் நிறுத்திய வண்டி காலையில் தாழ்ந்திருந்து, ஸ்டார்ட் செய்ததும் எழுந்தால் பெரும்பாலும் காற்றுக் கசிவுதான். சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஓடும்போது உயரம் காரணமின்றி ஏறி இறங்கினால் உயர சென்சாரைச் சந்தேகியுங்கள்.

முதலில், சென்சாரைக் கண்ட்ரோல் ஆர்மோடு இணைக்கும் சிறு கம்பியைப் பாருங்கள். பல நேரம் சென்சார் நன்றாகவே இருக்கும். கம்பியின் பந்து மூட்டுதான் கழன்றிருக்கும். அடுத்து கனெக்டர். மழைநீர் புகுந்து பின்களில் பச்சை பூத்திருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். பிறகுதான் மல்டிமீட்டர். பெரும்பாலான சென்சார்களுக்கு 5 வோல்ட் வர வேண்டும். அது வராவிட்டால் கோளாறு வயரிங்கிலோ கண்ட்ரோல் யூனிட்டிலோ இருக்கும். புது சென்சார் வாங்கிப் பயனில்லை. வோல்ட் வந்தும், ஸ்கேனரில் அந்தச் சக்கரத்தின் உயர அளவு இடையிடையே துள்ளினால் சென்சாரை மாற்றலாம்.

மாற்றியபின் ஸ்கேனரில் உயரத்தை மறுபடி கேலிப்ரேட் செய்யச் சொல்லுங்கள். இதை விட்டால் வண்டி சாய்ந்தே நிற்கும். சில கார்களில் ஹெட்லைட் கோணமும் தவறிப்போகும்.

காற்றுப் பை மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கடியில் தலையை நீட்டவே நீட்டாதீர்கள். சென்சார் கம்பியை அசைத்தாலே வண்டி இறங்கிவிடலாம். சஸ்பென்ஷனை ஜாக் மோடில் (உயரம் தானாக மாறாத நிலையில்) வைத்து, ஸ்டாண்டு கொடுத்த பிறகே கை வையுங்கள்.