ரேணிகுண்டாவிலிருந்து ஒரு படிவுப் படுகையைப் படிக்கும் முறை

நிலத்தின் மேலோடு தாழ்ந்து பள்ளமான இடங்களில் ஆறும் கடலும் கொண்டுவந்து சேர்த்த மணலும் சேறும் சுண்ணாம்பும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியவையே படிவுப் படுகைகள். எண்ணெயும் எரிவாயுவும் இவற்றில்தான் தேடப்படுகின்றன. ஆலைப் புகையிலிருந்து பிரித்த கார்பன் டைஆக்சைடை நிலத்தடியில் அடைத்துவைக்கவும் பெரும்பாலும் இவையே தேர்வாகின்றன. இந்தியாவில் கடலடிப் பகுதிகளையும் சேர்த்து 26 படுகைகள், ஏறத்தாழ 33.6 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கணக்கில் உள்ளன. அவற்றைப் படிக்கத் தொடங்கத் திருப்பதிக்கு அருகிலுள்ள ரேணிகுண்டா நல்ல இடம். மேற்கே திருமலைப் பக்கம் போனால் மிகப் பழைய கடப்பைப் படுகையின் தென்கோடி. தென்கிழக்கே சத்தியவேட்டுப் பக்கம் போனால் அதைவிட வெகு இளைய பாலாற்றுப் படுகையின் விளிம்பு. இரண்டையும் ஒரே ஊரில் தங்கிப் பார்த்துவிடலாம்.

வேலை மேசையில் தொடங்குகிறது. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தையும், இந்திய நிலவியல் ஆய்வுத் துறை ‘பூகோஷ்’ தளத்தில் வைத்திருக்கும் நிலவியல் வரைபடத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பாறை எங்கே வெளித்தெரிகிறது, எந்தச் சாலை வெட்டு அதைக் குறுக்கே அறுக்கிறது என்று குறித்துக்கொண்டால் வெயிலில் அலைவது பாதியாகக் குறையும். திருமலையைச் சூழ்ந்த சேஷாசலம் காடு பாதுகாக்கப்பட்ட பகுதி. செம்மரக் கடத்தலால் கண்காணிப்பும் கடுமை. வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் சுத்தியலும் பையுமாக உள்ளே போகக் கூடாது.

களத்தில் முதலில் பார்க்க வேண்டியது படுகையின் தரை. திருமலை மலைச்சாலையில் அது கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. கீழே ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையான கிரானைட் வகைப் பாறை. அதன் மேல், படுக்கை படுக்கையாக, நகரி குவார்ட்சைட். இரண்டும் தொடும் கோட்டில் பல பத்துக் கோடி ஆண்டுகளின் பதிவு காணாமல் போயிருக்கிறது. அந்தக் காலம் முழுதும் கிரானைட் வெளியே கிடந்து அரிக்கப்பட்ட பிறகே அதன்மேல் மணல் வந்து படிந்தது. தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம் என்பதால் இங்கே சுத்தியலுக்கு வேலை இல்லை. கண், உருப்பெருக்கி, குறிப்பேடு, புகைப்படம் போதும். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் பாறைத்தூளை வைத்து “அடிப்பாறை வந்துவிட்டது” என்று பிற்காலத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர், அந்த எல்லையை ஒருமுறையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது அடுக்குகளை அளந்து பதிவது. அடியிலிருந்து மேலாக ஒவ்வோர் அடுக்கின் தடிப்பு, மணியளவு, நிறம், சாய்வு, சாய்ந்த திசை ஆகியவற்றை நெடுக்குப் பட்டியாக வரைய வேண்டும். மணிகள் மேலே போகப் போகச் சிறுக்கின்றனவா பெருக்கின்றனவா என்பது அவற்றைக் கொண்டுவந்த நீரோட்டம் ஓய்ந்ததா வலுத்ததா என்று சொல்லும். அலைவரிகளும் அடுக்குக்குள் சாய்ந்து கிடக்கும் குறுக்கு அடுக்குகளும் ஓட்டத்தின் திசையைக் காட்டும். பாறையின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைப்பது சுண்ணாம்பு. களிப்பாறையா, வண்டல் கலந்ததா என்ற ஐயம் வந்தால் கடுகளவு துணுக்கை முன்பற்களில் வைத்து மெல்லக் கடித்துப் பார்ப்பது களத்தில் நெடுநாள் வழக்கம்: நறநறத்தால் வண்டல், வெண்ணெய் போல வழுக்கினால் களி. ஆய்வகக் கருவி சொல்வதை அந்தக் கணத்திலேயே பல் சொல்லிவிடும்.

சத்தியவேட்டுப் பகுதியில் பாறையின் முகமே வேறு. அங்கே இரும்பு ஏறிச் சிவந்த மணற்கல்லும், கூழாங்கற்கள் ஒட்டித் திரண்ட உருள்திரள்பாறையும் கிடக்கின்றன. தெற்கே ஸ்ரீபெரும்புதூர் படிவுகளின் ஷேலில் (ஏடேடாகப் பிரியும் களிப்பாறையில்) தாவரப் புதைபடிவங்களும் கடலுயிர்த் தடயங்களும் உண்டு. இவை 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை. இந்தியா அண்டார்க்டிகாவிலிருந்து பிரிந்தபோது கிழக்குக் கரை நெடுகத் திறந்த பள்ளங்களில் சேர்ந்தவை. கூழாங்கற்களை எண்ணிப் பார்ப்பது இங்கே தவறாமல் செய்ய வேண்டிய பயிற்சி. ஒரு சதுர மீட்டரில் நூறு கற்களை வரிசையாக எடுத்து, எத்தனை குவார்ட்சைட், எத்தனை கிரானைட், எவ்வளவு உருண்டவை என்று குறித்தால், எந்த மலை தேய்ந்து இந்தப் பள்ளத்தை நிரப்பியது என்பது தெரியவரும்.

விளிம்பைப் படித்த பின் ஆழத்துக்குப் போக வேண்டும். ஈர்ப்பு அளவீடு முதலில்: கிரானைட்டைவிடப் படிவுப்பாறை அடர்த்தி குறைந்தது என்பதால் ஈர்ப்பு தாழ்ந்த இடம் பள்ளமாக இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு சீஸ்மிக் ஆய்வு. அனுப்பிய அதிர்வு அடுக்கில் பட்டுத் திரும்பி வர 2 விநாடி ஆகி, சராசரி வேகம் விநாடிக்கு 3,000 மீட்டராக இருந்தால், அந்த அடுக்கு 3,000 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது; போக ஒரு விநாடி, வர ஒரு விநாடி. வேகத்தைத் தவறாக எடுத்தால் ஆழம் முழுதும் தவறிப்போகும். ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகத்தின் தேசியத் தரவுக் களஞ்சியம் நாட்டின் சீஸ்மிக், கிணற்றுத் தரவுகளைத் தொகுத்து வைத்திருக்கிறது. தெற்கே உள்ள காவிரிப் படுகையில் 1960களிலிருந்து கிணறுகள் தோண்டப்பட்டிருப்பதால், ஆண்டிமடம், சாத்தபாடி, புவனகிரி என்று ஊர்ப் பெயரிட்ட அடுக்குகளின் கிணற்றுப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பயிலலாம்.

எண்ணெய்க்காகப் படிக்கும்போது ஐந்து கேள்விகள். கரிமப்பொருள் நிறைந்த மூலப்பாறை உண்டா? அது போதிய அளவு வெந்ததா? எண்ணெயை ஏற்கும் துளையுள்ள தேக்கப்பாறை எது? மேலே மூடுபாறை எது? பிளவோ மடிப்போ பொறியாக அமைந்தது எண்ணெய் நகர்வதற்கு முன்பா, பின்பா? வெப்பத்தைத் தோராயமாகக் கணக்கிடலாம்: தரையில் 30 டிகிரி செல்சியஸ், கிலோமீட்டருக்கு 30 டிகிரி ஏற்றம் என்று கொண்டால், எண்ணெய் உருவாகும் 60 முதல் 120 டிகிரி வரையிலான பகுதி 1 முதல் 3 கிலோமீட்டர் ஆழத்துக்குள் விழும். பொறி கடைசியாக அமைந்திருந்தால் மற்ற நான்கும் இருந்தும் பயனில்லை. எண்ணெய் அதற்குள் கடந்து போயிருக்கும்.

கார்பன் சேமிப்பில் மூலப்பாறைக் கேள்வி விழுந்துவிடுகிறது; மூடுபாறைக் கேள்வி பன்மடங்கு கனக்கிறது. 31 டிகிரிக்கும், ஏறத்தாழ 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல் கார்பன் டைஆக்சைடு திரவம் போல அடர்ந்துவிடுவதால், பொதுவாக 800 மீட்டருக்குக் கீழே உள்ள அடுக்கே தேவை. நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் இப்படிக் கடலடி மணற்கல்லில் செலுத்தப்பட்டு வருகிறது. இந்த அளவுகோலில் நகரி குவார்ட்சைட் தேறாது. மணிகளுக்கு இடையே சிலிக்கா நிறைந்து துளையே அடைபட்டுவிட்டது. உடைத்த முகத்தில் ஒரு சொட்டு நீர் விட்டால் அது உள்ளே இறங்காமல் உருண்டோடுவதே சாட்சி. சத்தியவேட்டு மணற்கல் தரையிலேயே திறந்து கிடக்கிறது, மூடி இல்லை; அதே வகை அடுக்கு கடலை நோக்கித் தாழ்ந்து ஷேலுக்கு அடியில் போகும் இடத்தைத்தான் ஆராய வேண்டும்.

கொள்ளளவுக் கணக்கை நிதானமாகப் போட வேண்டும். 100 சதுர கிலோமீட்டர் பரப்பு, 50 மீட்டர் தடிப்பு, 20 சதவீதத் துளை என்று ஓர் அடுக்கைக் கற்பனை செய்தால் துளைகளின் மொத்த அளவு 100 கோடி கனமீட்டர். கனமீட்டருக்கு 600 கிலோ என்று கொண்டால் 60 கோடி டன். ஆனால் துளைகளில் ஏற்கெனவே உப்புநீர் இருக்கிறது. அதைத் தள்ளிக்கொண்டு வாயு பிடிக்கும் இடம் 2 சதவீதம் என்றால் மிஞ்சுவது 1.2 கோடி டன். ஆயிரம் மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்றின் ஏறத்தாழ இரண்டாண்டுப் புகை அவ்வளவே. அந்த 2 சதவீதத்தைச் சொல்லாமல் 60 கோடியை மட்டும் அறிக்கையில் எழுதுவது படிப்பவரை ஏமாற்றுவதாகும்.

மூடுபாறைக்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். ஷேல் வெளியில் கிடந்தால் மண்ணாய் உதிர்ந்துவிடுவதால் களக்குறிப்பில் ‘மறைந்த பகுதி’ என்று ஒரே வரியில் தாண்டிவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. அங்கே ஒரு முழ ஆழம் குழி வெட்டிப் புதிய முகத்தைப் பார்க்க வேண்டும். அதன் தடிப்பு தொடர்கிறதா, பிளவுகள் அறுக்கின்றனவா என்று பதிய வேண்டும். படுகையில் கைவிடப்பட்ட பழைய கிணறுகள் எங்கே, அவற்றின் சிமென்ட் அடைப்பு எப்படி என்ற பட்டியலும் வேண்டும். வாயு மேலேற எளிய வழி அந்தக் கிணறுகள்தான். காவிரிக் கழிமுகத்துக்கு 2020-இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் போல, நிலத்தின் மேலுள்ள கட்டுப்பாடுகளும் அதே வரைபடத்தில் ஏற வேண்டும். ஒரு டன்கூடச் செலுத்துவதற்கு முன்பே சுற்றுவட்டார ஊர்க் கிணறுகளின் நீரைக் கோடையிலும் மழைக்காலத்திலும் எடுத்து, உப்பும் அமிலத்தன்மையும் கரைந்த வாயுவும் அளந்து, நாளும் இடமும் எழுதிய புட்டிகளில் மாதிரி சேமித்துவைக்க வேண்டும். பின்னாளில் ஒரு கிணற்று நீரின் சுவை மாறினால், மாறியது எவ்வளவு என்பதை அந்த முதல் அளவீடுகளோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.